டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்: தருமபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பங்க்கில் காசு கொடுக்கும் இடத்திலும் உதிரிபாகக் கடை அலமாரியிலும் சின்னச் சின்ன பாட்டில்கள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்ஜெக்டர் கிளீனர்', 'ஃப்யூல் சிஸ்டம் கிளீனர்', 'டேங்க் அடிட்டிவ்' என்று பெயர் மாறும். ஊற்றினால் மைலேஜ் கூடும், புகை குறையும், பிக்கப் ஏறும் என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். வண்டி வேலையில் இருக்கிறவன் என்பதால் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பாட்டிலுக்குப் போகும் முந்நூறு, நானூறு ரூபாய் நம் ஊரில் பலருக்கு அரை நாள் கூலி. அதனால் பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, இது நிஜமாவே வேலை செய்யுமா, இல்ல வியாபாரத் தந்திரமா?

நல்ல பாட்டிலாக இருந்தால் வேலை செய்யும். ஆனால் அது செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: எரிபொருள் தொட்டுப்போகும் இடத்தில் படிந்த பிசினையும் கரியையும் கரைத்து எடுப்பது. எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டரின் முனை, பெட்ரோல் வண்டியில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகு, ஓரளவுக்கு பிஸ்டன் தலை. இவ்வளவுதான் அதன் எல்லை. தேய்ந்த பிளக், அடைத்த ஏர் ஃபில்டர், பலவீனமான பம்ப், கெட்டுப்போன சென்சார், கம்ப்ரெஷன் போன இன்ஜின் இவற்றில் எதையும் பாட்டில் சரிசெய்யாது. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த எல்லை தெரியாமல் வாங்குவதால்தான்.

பெட்ரோல் கண்ணாடி மாதிரி இருக்கு. அதுல அழுக்கு எங்கிருந்து வருது?

ஓடும்போது சேர்வதைவிட வண்டியை நிறுத்திய பிறகு சேர்வது அதிகம். சூடான இன்ஜினை ஆஃப் செய்கிறீர்கள். அதுவரை பாய்ந்துகொண்டிருந்த பெட்ரோல் நின்றுவிடும், இன்ஜெக்டர் முனையைக் குளிர்விக்க எதுவும் வராது. இன்ஜினின் சூடு முனைக்கு ஏறும். அங்கே ஒட்டியிருக்கும் துளி பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போக, கனமான பகுதி வெந்து பிசினாகும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப், மேலே இன்னொரு படலம்.

அதனால்தான் ஓட்டும் விதம் இதில் பெரிய வித்தியாசம் செய்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் சிப்காட்டுக்குத் தினம் ஹைவேயில் போய்வரும் பைக்கைவிட, தருமபுரி நான்கு ரோட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே நாளெல்லாம் நின்று நின்று ஓடும் ஸ்கூட்டரில் படிவம் சீக்கிரம் சேரும். கிலோமீட்டர் குறைவு, அதனால் வண்டி புதுசு என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டினால் இது கண்ணுக்கே தெரியும். நல்ல இன்ஜெக்டர் கூம்பு வடிவத்தில் வெண்புகை போலத் தூவும், துளி எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அடைத்தது ஒரு பக்கமாகச் சாய்ந்து நூல் மாதிரி பீய்ச்சும், நிறுத்தினால் முனையில் ஒரு சொட்டு தொங்கும். நான்கு சிலிண்டர் காரின் நான்கு இன்ஜெக்டரையும் வரிசையாக மாட்டிக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்தால் ஒன்று மட்டும் மட்டம் குறைந்து நிற்கும். அந்த ஒரு சிலிண்டர்தான் சிக்னலில் நிற்கும்போது வண்டியை உலுக்குகிறது. தூவல் மாறினால் எரிவது மாறும். மைலேஜ், புகை, ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் சீர்) எல்லாம் அதற்குப் பிறகு வரும் தொல்லைகள்.

கடையில பத்து வகை இருக்கு. எதைப் பார்த்து வாங்கறது?

பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்து என்ன என்று பாருங்கள். பெட்ரோல் வண்டிக்குத் தேட வேண்டியது பாலிஈதர் அமீன். லேபிளில் பி.இ.ஏ. என்று மூன்று எழுத்தாகவும் போட்டிருப்பார்கள். சோப்பு எப்படி ஒரு முனையால் அழுக்கைப் பிடித்து மறுமுனையால் தண்ணீரோடு போகிறதோ, அப்படி இதன் அமீன் முனை படிவத்தில் ஒட்டும், மறுமுனை பெட்ரோலோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும். சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டையும் தாங்குவதால் அங்கே தானே ஒரு படிவமாக மிஞ்சாது.

பாலிஐசோபியூட்டின் அமீன் என்பது இன்னொரு வகை. இதுவும் வால்வையும் இன்ஜெக்டரையும் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால் முழுதாக எரியாமல் சிலிண்டருக்குள் கொஞ்சம் படியும் குணம் இதற்கு உண்டு. ஏற்கெனவே இறுகிப்போனதைக் கழுவி எடுப்பதில் முதல் வகைதான் மேல்.

மருந்தின் பெயரே சொல்லாமல், 'அதிசய ஃபார்முலா' என்று மட்டும் போட்டிருக்கும் பாட்டிலை வாங்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் வெறும் கரைப்பான் எண்ணெய் மட்டுமே இருக்க வாய்ப்பு உண்டு. ஆக்டேன் பூஸ்டர் வேறு சரக்கு, அது சுத்தம் செய்யாது. மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மம் கலந்த சில பூஸ்டர்களை ஊற்றினால் பிளக் முனையில் செங்கல் நிறப் படிவம் வரும். சுத்தம் செய்யப் போய் புது அழுக்கைச் சேர்த்த கதையாகிவிடும்.

மைலேஜ் எவ்வளவு கூடும்?

இன்ஜெக்டர் சுத்தமாக இருந்தால் ஒன்றும் கூடாது. அடைத்திருந்தால், இழந்தது திரும்ப வரும். கம்பெனி கொடுத்த மைலேஜுக்கு மேல் ஏற்றும் பாட்டில் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 லிட்டர் டேங்க், பெட்ரோல் சுமார் 100 ரூபாய், பாட்டில் 400 ரூபாய் என்று வையுங்கள். பாட்டில் விலை 4 லிட்டர் பெட்ரோல். அந்த ஒரு டேங்க்கிலேயே காசு திரும்ப வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமாக வேண்டும். நன்றாக ஓடும் வண்டியில் அது நடக்காது. படிவம் இருக்கும் வண்டியில் பலன் அடுத்தடுத்த டேங்க்குகளுக்கும் தொடரும், அப்போது கட்டுப்படியாகும். ஆகவே எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பது நியாயம். ஒவ்வொரு டேங்க்குக்கும் ஊற்றுவது பங்க்காரருக்குத்தான் லாபம்.

கூடியதா என்று தெரிய வேண்டுமானால் மீட்டரில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒரே பங்க்கில், பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடுத்த நிரப்பலின் லிட்டரால் வகுங்கள். ஊற்றுவதற்கு முன் இரண்டு மூன்று டேங்க், பின் இரண்டு மூன்று டேங்க் பாருங்கள்.

மைலேஜ் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் போட்டு உருட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் கம்ப்யூட்டரே எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலுக்காகக் குடிக்கும். ஆக அதில் மிச்சமும் கிடையாது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து வேறு. அந்த இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து கியரில் இறங்குங்கள்.

வண்டி திணறுது, ஏத்தத்துல இழுக்கல. முதல்ல ஒரு பாட்டில் ஊத்திப் பார்க்கலாமா?

முதலில் ஊற்றாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிரானைட் லாரி ஓடும் சாலை, கல்குவாரிப் பக்கம், மண் ரோடு என்று நம் பகுதியில் தூசிக்குப் பஞ்சமில்லை. கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டர் அடைத்துப் போகும். பிறகு பிளக். டயர் காற்று குறைந்திருந்தாலும், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது. வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் பிரேக் சங்கதி தெரிந்துவிடும்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டி, அது காட்டும் பிழை எண் (கோட்) என்ன என்று கேளுங்கள். விளக்கு மினுக்கினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, கடுமையாக இருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அந்த நிலையில் பாட்டில் ஊற்றி ஓட்டிப் பார்ப்பது சில நூறை மிச்சம் பிடித்துப் பல ஆயிரத்தைச் செலவழிக்கும் வேலை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஐடில் ஆடுகிறது, காலையில் ஸ்டார்ட்டிங் இழுக்கிறது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு கணம் யோசித்துக் கிளம்புகிறது என்றால் இன்ஜெக்டர் மேல் சந்தேகப்படலாம். அப்போது பாட்டிலுக்கு இடம் உண்டு. ஒன்று ஊற்றி ஓட்டியும் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவதை வாங்காமல், இன்ஜெக்டரைக் கழற்றிப் பெஞ்சில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

சர்வீஸ் பில்லுல 'ஃப்யூல் சிஸ்டம் கிளீனிங்'னு போட்டிருக்காங்க. தேவையா சார்?

என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். டேங்கில் பாட்டில் ஊற்றினார்களா, இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாயில் (ரெயில்) மருந்து ஏற்றி ஓடவிட்டார்களா, இன்ஜெக்டரைக் கழற்றினார்களா? மூன்றும் வேறு வேறு வேலை, வேறு வேறு விலை. வண்டியில் குறையே சொல்லாதபோது, கேட்காமல் சேர்த்த வேலைக்கு 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிடுவது நல்லது.

இ20 பெட்ரோல் வந்ததுல இருந்து மைலேஜ் கம்மி. பாட்டில் சரிபண்ணுமா?

சரிபண்ணாது. இ20 என்றால் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 விழுக்காடு கலந்தால் மொத்த ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறைகிறது. அதன்மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் இல்லாத ஆற்றல் வராது.

கவனிக்க வேண்டியது வேறு. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20 தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் எரிபொருள் ஹோஸ், ஓ-ரிங் இவற்றை சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். உப்பியிருந்தால், வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனாலே ஒரு கரைப்பான்தான். பழைய டேங்கில் வருஷக்கணக்கில் ஒட்டியிருந்த பிசினை அது இளக்கி ஃபில்டருக்கு அனுப்பும். இ20 ஊற்ற ஆரம்பித்த கொஞ்ச நாளில் பழைய வண்டி திணறினால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல் போகட்டும்.

டேங்குல தண்ணி இறங்கிடுச்சு. 'வாட்டர் ரிமூவர்' ஊத்தலாமா?

அந்தப் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது ஒருவகை ஆல்கஹால். தண்ணீரைத் தன்னோடு கலந்து எரிய வைப்பதுதான் அதன் வேலை. இ20 நிரப்பிய 40 லிட்டர் டேங்கில் ஏற்கெனவே 8 லிட்டர் ஆல்கஹால் இருக்கிறது. அதற்கு மேல் 300 மில்லி என்ன செய்துவிடும்?

எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தாங்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துப்போனதைப் பார்த்தோம். அப்படி முங்கிய வண்டிக்கு ஒரே வழி: சாவி போடாதீர்கள், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள், டேங்கை முழுக்க வடியுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், இன்ஜின் ஆயிலையும் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

நம்மகிட்ட இருக்கறது பழைய எக்ஸ்.எல். கார்புரேட்டர் வண்டி. அதுக்கு?

டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். என்றால் பெட்ரோலோடு 2டி ஆயில் சரியான அளவில் கலப்பதே முக்கியம். ஆயில் கூடினால் சைலன்சரில் கரி சேரும், குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும்.

கார்புரேட்டரில் அடைப்பது பெரும்பாலும் பைலட் ஜெட். ஊசி முனை அளவுத் துளை. பல வாரம் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் ஆவியாகி அந்தத் துளையில் பிசின் காய்ந்துவிடும். முழுக்க அடைத்த துளை வழியாக டேங்கில் ஊற்றிய மருந்தும் போகாது. கழற்றி, கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றுவிட்டுத் துடைப்பதுதான் வழி. கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் ஜெட்டையே மாற்ற வேண்டும்.

பி.எஸ்.6 ஸ்கூட்டர், பைக்குக்கு கார் பாட்டிலையே பிரிச்சு ஊத்தலாமா?

மருந்து ஒன்றுதான் என்றால் ஊற்றலாம், அளவு தப்பக் கூடாது. 300 மில்லி பாட்டில் 60 லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி. 5 லிட்டர் ஸ்கூட்டர் டேங்கிற்கு 25 மில்லி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்துவிடலாம். கண் மதிப்பில் ஊற்றி இரட்டிப்பாகிவிட்டால் எரியாத மருந்து ஆயிலில் இறங்கும்.

டர்போ பெட்ரோல் கார் வச்சிருக்கேன். எனக்கும் இதேதானா?

டைரக்ட் இன்ஜெக்ஷனா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண வண்டியில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் தூவப்படும், அதனால் மருந்து வால்வைக் கழுவும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. வால்வைத் தொடுவதே இல்லை. இன்ஜெக்டர் முனைக்குப் பாட்டில் உதவும், வால்வில் படியும் கரிக்கு உதவாது. அதற்கு மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பாட்டிலுக்குப் பதிலா பிரீமியம் பெட்ரோல் போட்டா போதுமா?

பிரீமியத்தில் இரண்டு சங்கதி கலந்திருக்கும்: சுத்தம் செய்யும் மருந்து, கூடுதல் ஆக்டேன். சாதாரண பெட்ரோலுக்கென்று செய்த இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்டேனால் பயன் இல்லை. மருந்துக்காக எப்போதாவது ஒரு டேங்க் போடுவதில் தப்பில்லை. ஆனால் அதில் கலந்திருக்கும் அளவு, சுத்தமாக இருப்பதைச் சுத்தமாகவே வைத்திருக்கத்தான். இறுகிய படிவத்துக்குத் தனிப் பாட்டிலின் அடர்த்தி வேண்டும்.

டீசல் வண்டிக்கு?

பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு ஓடும் பிக்கப், மாங்காய் சீசனில் ராப்பகலாக ஓடும் மினி லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்கள் கேட்பது இது. டீசலில் பாட்டிலைவிட முக்கியமான எதிரிகள் இரண்டு, தண்ணீரும் தூசியும். இப்போதைய டீசல் வண்டிகளில் உள்ள காமன் ரெயில் இன்ஜெக்டர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பார் அழுத்தத்தில் வேலை செய்கிறது. உள்ளே பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி முடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. கேனில் வாங்கி வைத்த டீசல், மூடி சரியில்லாத டிரம், மண் ஒட்டிய புனல் இவற்றால் கெட்ட இன்ஜெக்டரை எந்த மருந்தாலும் எழுப்ப முடியாது.

செய்ய வேண்டியது: டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை அடிக்கடி விடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. ஃபில்டரைக் காலத்தில் மாற்றுங்கள், மலிவு ஃபில்டர் போடாதீர்கள். கேன் டீசலை ஒரு நாள் அசையாமல் வைத்து, மேலாகத் துணி வடிகட்டியில் வடித்து ஊற்றுங்கள், அடியில் இருக்கும் கடைசி டீசலை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகு டீசலுக்கென்றே உள்ள கிளீனரை எப்போதாவது ஊற்றலாம். பெட்ரோல் கிளீனரை டீசலில் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜெக்டர் சுத்தமாகும் என்பது பழைய வண்டிக் காலத்துப் பேச்சு. பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். கந்தகத்தை எடுக்கும்போதே டீசலின் இயற்கையான வழுவழுப்பும் குறைந்துவிடுவதால் அதை மருந்து சேர்த்துத்தான் ஈடுகட்டுகிறார்கள். அதில் மண்ணெண்ணெயை ஊற்றினால் ஹை பிரஷர் பம்ப் வறண்டு தேயும், உதிரும் இரும்புத் துகள் இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போகும்.

புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் படியும் கரிக்கும் டேங்க் மருந்துக்கும் சம்பந்தமில்லை, அது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியது. புகையைச் சுத்தம் செய்ய சில டீசல் வண்டிகளில் ஊற்றும் ஆட்ப்ளூ என்பதும் டேங்க் கிளீனர் இல்லை. அதற்குத் தனி டேங்க் இருக்கிறது. டீசல் டேங்கில் தவறிப்போய் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சி.என்.ஜி. காருக்கு?

வண்டி காஸிலேயே ஓடுவதால் பெட்ரோல் இன்ஜெக்டர் சும்மா கிடந்தே அடைக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது கொஞ்ச தூரம் பெட்ரோலில் ஓட்டுங்கள், டேங்கில் மாதக்கணக்கில் பழைய பெட்ரோலை வைக்காதீர்கள்.

வாரன்டி போயிடுமா?

வண்டியோடு வந்த கையேட்டில் எரிபொருள் பகுதியைப் படியுங்கள். சில கம்பெனிகள் எந்த மருந்தும் சேர்க்க வேண்டாம் என்கின்றன, சில தாங்களே விற்கின்றன. வாரன்டி இருக்கும்வரை கையேடு சொல்வதே முடிவு. ஊற்றினால் பில்லை எடுத்து வையுங்கள்.

பங்க்லயே கலப்படம்னு சந்தேகம் வந்தா?

கேட்டால் ஃபில்டர் பேப்பர் சோதனை செய்து காட்ட வேண்டியது பங்க்காரரின் கடமை. தாளில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் கறை வைக்காமல் ஆவியாக வேண்டும், பழுப்பாகத் தங்கினால் கலப்படச் சந்தேகம். அன்றைய அடர்த்தியும் எழுதி வைத்திருப்பார்கள், அதைச் சோதித்துக் காட்டவும் கேட்கலாம். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் முத்திரை அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். மலைக் கிராமத்துப் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் விற்கும் பெட்ரோல் அவசரத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

சரி, நல்ல பாட்டில் வாங்கியாச்சு. எப்படி ஊத்தறது?

ஆயில் மாற்ற வேண்டிய நேரம் நெருங்கும்போது ஊற்றுங்கள். கழுவி வரும் அழுக்கில் கொஞ்சம் ஆயிலுக்குப் போகும், அந்த ஆயிலே சீக்கிரம் வடிந்துவிடும். டேங்க் காலியாகும் நிலையில் முதலில் மருந்து, மேலே முழு டேங்க் எரிபொருள். அப்படிச் செய்தால் நன்றாகக் கலக்கும். பிறகு அந்த டேங்க்கைப் பாதியில் நிரப்பாமல் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். அதில் ஒரு நீண்ட ஓட்டம் இருந்தால் நல்லது. தருமபுரியிலிருந்து ஓசூர் போய்வருவது போதும், இன்ஜின் நன்றாகச் சூடாகி மருந்து தொடர்ந்து பாயும்.

சூடான இன்ஜின் பக்கத்தில் வைத்து ஊற்றாதீர்கள், பெயின்டில் சிந்தினால் உடனே துடையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீதமிருந்தால் அதே பாட்டிலில் மூடி இறுக்கி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ மாற்றி வைக்கவே கூடாது. யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், லேபிளோடு இருக்கும் பாட்டிலை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.